தங்குவதும் வாழ்வதும்

லீட்ஸ் நகரில் குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அந்த அரையிருளில் பேருந்து ஜன்னலில் தலை சாய்த்து வீடு திரும்புவது, தூக்கத்துக்குள் நடப்பதுபோல் இருக்கும். அப்படி ஒருநாள் இறங்கியபோது, எங்கள் வாசலில் முன்பின் தெரியாத கணவனும் மனைவியும் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு விடப்போவதாக விளம்பரம் பார்த்து வந்தார்களாம். கதவைப் பிடித்தபடி நின்ற என் மனைவி சபீராவுக்கு அப்போது ஏழாம் மாதம். "நாம எங்கங்க போறது?" என்றாள்.

வீட்டுக்காரம்மா மார்கரெட் இரண்டு தெரு தள்ளி இருந்தார். மழையில் நனைந்தபடி ஓடினேன்.

"நீங்கள்தானே கிளம்பப்போவதாகச் சொன்னீர்கள்?" என்றார் அவர்.

முந்தின வாரம் அவர் தொலைபேசியில், "வீட்டில் நன்றாக வாழ்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். நான் பணிவாக, "உங்கள் வீடு மேடம், வி ஆர் ஒன்லி ஸ்டேயிங்" என்றிருந்தேன். அது என்னைப் பெற்ற அத்தாவின் வார்த்தை. மதுரை கோரிப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எப்போது வந்தாலும், "ஒங்க வீடுண்ணே, நாங்க சும்மா தங்கியிருக்கோம்" என்பார் அத்தா. "இருபத்தாறு வருசமாத் தங்குறீகளே பாய்!" என்று அவர் சிரிப்பார். வெயில் மங்கிய அந்த முன்னறையில் இருவரும் டீ குடிப்பார்கள்.

மார்கரெட் பொறுமையாக விளக்கினார். ஸ்டே என்றால் கிளம்பும் நாள் ஒன்று இருக்கிறதாம். லிவ் என்றால் அப்படி இல்லையாம். "இப்போது சொல்லுங்கள்."

"வி லிவ் ஹியர்" என்றேன். வாய்க்கு வந்துவிட்டது, மனத்துக்கு வரச் சற்று நேரமானது. அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டார். மகள் அந்த வீட்டுக்குத்தான் வந்தாள்.

போன கோடையில் மதுரைக்குப் போனோம். அக்கா வீட்டின் குளிர்ந்த தரையில், மதியத் தூக்கம் கலையாமல் படுத்திருந்த நான்கு வயது மகளின் தலையைக் கோதியபடி, "ஒங்க வீடு எங்கடி தங்கம்?" என்று அக்கா கேட்டாள்.

கண் திறக்காமலே மகள் சொன்னாள்: "வி லிவ் இன் லீட்ஸ். வி ஆர் ஸ்டேயிங் ஹியர்."

ஒரு பிழையும் இல்லை.

"என்னடா சொல்றா?" என்றாள் அக்கா.

"இங்க இருக்கோம்ங்கிறாக்கா" என்றேன்.

"பின்ன, வேற எங்க இருப்பீக?" என்று அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள் அக்கா.