பன்றிகளைச் சுட்டது அக்காதான்

எங்கள் அன்பு அக்கா அமிர்தியில் கண் மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலரும் அக்காவின் கணவரான எங்கள் மாமாவைக் குறி தப்பாத துப்பாக்கிக்காரர் என்றே அறிவீர்கள். அக்கா இருந்தவரை நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இனி ஆட்ட மாட்டேன்.

அக்கா பிறந்தது ஜவ்வாது மலையில். தாய் தந்தையரை இழந்த தங்கையான என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தார். புகுந்த வீட்டுக்கும் உடன் அழைத்துச் சென்றார். மாமா முகம் சுளிக்கவில்லை. சரிவில் கொஞ்சம் சாமை நிலம், ஒரு புளியமரம், ஒரு நாட்டுத் துப்பாக்கி. இவ்வளவுதான் அவர்கள் சொத்து.

ஒரு நாள் அந்தத் துப்பாக்கியின் மருந்து பின்பக்கமாகச் சீறி மாமாவின் வலது கண்ணைப் பறித்தது. இடது தோளில் வைத்துப் பழகிப் பார்த்தார். எதிரே நின்ற பாறையில்கூடப் படவில்லை. அந்த ஆண்டு காட்டுப்பன்றிகள் எங்களுக்கு விட்டுவைத்தது வெறும் சாமைத் தாள்தான். அக்காவின் பிள்ளைகளும் நாங்களும் கிழங்கு தோண்டித் தின்றோம்.

பெண் கை பட்ட ஆயுதத்துக்கு வேட்டை வாய்க்காது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கீழே கிடக்கும் வில்லைத் தாண்டினாலே ஏச்சு விழும். ஆனாலும் மாமா யாருக்கும் தெரியாமல் அக்காவைப் பள்ளத்துக்கு அழைத்துப் போய்க் கற்றுக்கொடுத்தார். முதலில் மூங்கில் வில். "வில்லுல கை நடுங்குனா கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கில தெரியாது" என்பார். அம்பு பழகிய பிறகே துப்பாக்கி. அக்கா பயந்தபோது, "சுடறவன் மூட வேண்டிய கண்ண ஆண்டவன் எனக்கு வுட்டுட்டான், தொறக்க வேண்டியத எடுத்துக்கினான். நீயாவது ரெண்டையும் வெச்சிக்கினு ஒழுங்கா சுடு" என்று சிரிக்க வைப்பார். அவர்கள் இருவரும் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் கதிர் முற்றியபோது, அந்தி மங்கும் வேளைகளில் பன்றிகள் விழுந்தன. சுட்டது அக்கா. வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கண்டதோ துப்பாக்கியும் கையுமாக நின்ற மாமாவை. "ஒத்தக் கண்ணுல சுடறான்டா!" என்று ஊரே மெச்சியது.

அந்தப் புகழ்தான் எமனாக வந்தது. ஊர் கூடிப் போகும் தை மாத வேட்டைக்கு, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரே வீடு தேடி வந்தார். "ஓட வாயில நீதாம்பா நிக்கணும். வேற யாரு கீறாங்க?" என்றார். விரட்டிய பன்றிகள் எல்லாம் ஓடை வழியே பாய்ந்து வெளியேறும் இடம் அது.

அவர் போனதும் அக்கா, "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினார்.

"இந்த வருசம் சொல்லலாம். அடுத்த வருசம் இன்னா சொல்றது?" என்றார் மாமா.

"அப்ப நானே போய் நெசத்தச் சொல்லிட்றேன்."

"சொன்னா துப்பாக்கியப் புடுங்கிக்குவாங்க. அப்புறம் புள்ளைங்க இன்னா துன்னும்?"

மாமா போனார். சுட்டார். குறி தப்பியது. பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. கட்டிலில் வைத்துத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"ஒரு நாளும் குறி தப்பாதவன், விதி" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஆண் இல்லாத வீட்டுக்குத் துப்பாக்கி எதற்கு என்று ஊர்க்கவுண்டர் அதையும் வாங்கிக்கொண்டு போனார். எதைக் காப்பாற்ற மாமா போனாரோ அதுவும் போயிற்று. அடுத்த விளைச்சல் முழுக்கப் பன்றிகளுக்கே. அக்கா பிள்ளைகளோடும் என்னோடும் மலையடிவார அமிர்திக்கு இறங்கி, காட்டிலாகாவில் கன்று நடக் குழி வெட்டும் கூலியானார். சளியோடும் காய்ச்சலோடும் வெட்டினார். வயிறு காய்ந்ததுதான் மிச்சம். மகள் ஒரு முறை வில் பழகக் கேட்டாள். "கத்துக்கினு இன்னா பண்ணப் போற?" என்று சொல்லிவிட்டு அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நோய் முற்றிய அக்காவை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தாங்கிச் சென்ற கூலிப் பெண்களுக்கும், வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட ஓட்டுநருக்கும், அன்று மாமாவை மலையில் தூக்கி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியத்துக்கு அரிசி அனுப்பிய ஊர்க்கவுண்டர் வீட்டாருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கடைசி நாட்களில் அக்காவிடம், "இப்பவாச்சும் சொல்லேன்க்கா. பன்னிய சுட்டது நீதான்னு ஊரு தெரிஞ்சிக்கட்டும்" என்றேன்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "சொன்னா, அவர ஓட வாயில நிக்க வெச்சதும் நாந்தான்னு ஆயிடும்டி" என்றார்.