விலை இறங்கிய நாள்

“எண்ணெ வெல எறங்குச்சா?”

இட்லித் தட்டில் ஈரத்துணியை விரித்தபடியே குணசுந்தரி கேட்பார். கையில் பேப்பரோடு வருகிற எவரும் பதில் சொல்லியாக வேண்டும். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க வாசலுக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே அவருடைய கடை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். “ஏறிக்கினுதான் கீது” என்றால் தலையை ஆட்டிக்கொள்வார். “பாக்கலம்மா” என்றவருக்குச் சட்னி அரைக் கரண்டிதான்.

அடுப்புக்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். போன ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்ததிலிருந்து இங்கே சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரேஷனில் ஊற்றுவது பாதியாகிவிட்டது. வெளியில் வாங்க முடியாத விலை. குணசுந்தரி பம்ப் ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு மரத்தூள் அடுப்புக்கு மாறினார். அன்றிலிருந்து அவர் கண்கள் சிவந்தே இருக்கின்றன. பேச்சுக்கு நடுவே இருமல் வந்து வாக்கியத்தை முறிக்கும்.

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் ஆபிரகாம். சுரங்கத்தின் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்புக்காரர். தினமும் தமிழ்ப் பேப்பர் வாங்கிவருபவர். குணசுந்தரியின் கணவர் தங்கவேலு சுரங்கப் பட்டறையில் வெல்டராக இருந்தார். இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டு அலுத்து, இரண்டு வருடத்துக்கு முன் குவைத்துக்குப் போனார். எண்ணெய்க் கிணறுகளில் குழாய் பற்றவைக்கிற வேலை. கடைசிக் கடிதம் போன ஜூலையில் வந்தது. “இங்கிருந்து எண்ணெய் ஒழுங்காகப் போகும் வரை அங்கே விலை ஏறாது. ஏறினால் எங்களுக்கு வேலை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்” என்று விளையாட்டாக எழுதியிருந்தார்.

குணசுந்தரி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை இறங்கினால் கணவர் வேலையில் இருக்கிறார். வேலையில் இருந்தால் உயிரோடு இருக்கிறார்.

“எந்த ஆபீசுல போய்க் கேட்டாலும் திரும்பி வந்தவங்க லிஸ்டு வரட்டும், லிஸ்டு வரட்டும்ங்கிறாங்க,” என்றார் என்னிடம். “வெல மட்டுந்தாங்க தெனம் வருது.”

குவைத்தில் தங்கவேலுவோடு ஒரே முகாமில் தங்கியிருந்த டென்னிஸ் அக்டோபரில் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பிவிட்டார். ஜோர்டான் வரை பஸ், அங்கிருந்து விமானம். குணசுந்தரியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினாராம். “அண்ணன் பாஸ்போர்ட்டு கான்ட்ராக்டர் கையில மாட்டிக்கிச்சுக்கா. வாங்கிக்கினு வந்துடுறேன்னு போனாரு. ரெண்டு நாளு பாத்தோம். அப்பறம் பஸ்ஸு கெளம்பிடுச்சு.”

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, ஆபிரகாம் தூரத்திலிருந்தே பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார். “குணா, எறங்கிடுச்சும்மா! ஒரே நாள்ல மூணுல ஒரு பங்கு!”

குணசுந்தரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். முகம் கழுவி, வேறு புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார். அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. சட்னியும் எல்லோருக்கும் தாராளம்.

நானும் அதே பேப்பரைத்தான் படித்திருந்தேன். முதல் பக்கம் முழுவதும் குண்டுவீச்சு. போர் தொடங்கிவிட்டது. கீழே ஒரு சிறிய கட்டத்தில் விலைச் செய்தி: அக்கம்பக்கத்து நாடுகளின் கிணறுகளுக்குச் சேதமில்லை என்று தெரிந்ததும் வியாபாரிகளுக்குப் பயம் தெளிந்து, விலை சரிந்துவிட்டது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அங்க குண்டு போடறாங்கம்மா. அதுக்கப்புறந்தான் விலை இறங்கியிருக்கு.”

“இன்னாங்க நீங்க! குண்டு போட்டா வெல ஏறத்தானே ஏறும்?” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிப்ரவரிக் கடைசியில், பின்வாங்கிய படை கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போன செய்தி வந்தது. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். குவைத்தில் பகலிலேயே இருட்டாம். அன்று நானும் கடையில் இருந்தேன். குணசுந்தரி வழக்கம்போலக் கேட்டார். ஆபிரகாம் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஏறலம்மா. அப்படியேதான் கீது,” என்றார்.

“அத்தினி கெணறு எரியுது. ஏறலயா?”

“வேற ஊருங்க எண்ணெ ஊத்திக் குடுக்குறாங்களாம். பத்தாக்கொற இல்லியாம்.”

கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றது. “அப்போ அந்த ஊரு எண்ணெ இல்லாமயே எல்லாம் நடக்குதா?”

“நடக்குதுன்னுதாம்மா போட்டுக்கீறான்.”

“அப்போ அங்க கீற ஆளுங்கள யாருண்ணா தேடுவாங்க?”

ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் கீழே இறங்கிவிடும். ஆபிரகாம் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அதன்பிறகு குணசுந்தரி யாரிடமும் விலை கேட்பதில்லை. பேப்பர் பார்க்காதவருக்கும் எல்லோருக்கும் போலவே சட்னி விழுகிறது. உலகச் சந்தையில் விலை இறங்கி மாதக்கணக்காகிறது; ஆண்டர்சன்பேட்டை ரேஷன் கடையில் மட்டும் இன்னும் பாதிதான் ஊற்றுகிறார்கள். மரத்தூள் புகையும் இருமலும் அப்படியே இருக்கின்றன.

போன வாரம் போனபோது கூட்டம் வடிந்திருந்தது. பார்சல் கட்டும் பழைய பேப்பர்களிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிப் பலகைமேல் விரித்து வைத்திருந்தார். எரிகிற கிணறு ஒன்றின் படம். முக்கால்வாசிப் படத்தைப் புகை மூடியிருந்தது. ஓரத்தில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள். உடம்பு தெரிந்தது, முகம் புகைக்குள் இருந்தது.

நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பில் விரலை நனைத்து, அந்த ஆளின் முகத்துக்கு மேலிருந்த கறுப்பை மெல்லத் தேய்த்தார். மை கொஞ்சம் பரவியது. மறுபடி நனைத்துத் தேய்த்தார். தாள் நைந்து கிழிந்து, கீழே பலகை தெரிந்தது. குணசுந்தரி மீண்டும் சொம்பில் விரலை நனைத்தார்.