ஏழு கோடு

ஆம்பூரில் எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்று காய்ச்சலே அன்னம்மாளைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். பாலாறுகூட அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வற்றும். காசி கிணற்றடியில் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தான். தோல் மண்டியில் ஆவாரம்பட்டை இடிக்கிறவன், பதினாறு வயசு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

நிஜத்தில் அன்னம்மாள் தர்ம ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் சுமக்கிற கைம்பெண். 1918 ஐப்பசியில் விஷக்காய்ச்சல் மண்டித் தெருவில் விழுந்தபோது, யார் யார் படுத்தார்கள் என்று தினம் பார்த்து வரும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். எழுதத் தெரியாது. விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து, காய்ச்சல் கண்ட நாளிலிருந்து காலைக்கு ஒரு கோடாகக் கதவில் இழுத்தாள்.

கிழடுகள் இருமிவிட்டு எழுந்தன. தோல் கட்டைத் தனியாளாகத் தூக்குகிற வயசுக்காரர்கள்தான் போனார்கள். அது ஏன் என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் கதவுகளைப் பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. மூன்றாம் நாள் உடம்பு குளிரும். தேறிவிட்டதென்று தோல் ஊறும் குழியில் இறங்கியவன் இரண்டே நாளில் மூச்சு முட்டிச் செத்தான். ஏழு கோடுவரை கிடந்தவன் பெரும்பாலும் பிழைத்தான். இதை அவள் கிணற்றடியில் சொன்னாள். அன்று காலைதான் அண்ணன் தம்பி இரண்டு பேரை எடுத்திருந்தார்கள்; இரண்டு பேர் வரிசையும் மூன்று கோட்டோடு நின்றிருந்தது.

காசியும் அதைக் கேட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மேஸ்திரி வேலாயுதத்தின் கதவில், அன்னம்மாள் போட்ட மூன்றோடு நாலு கோடு சேர்த்து இழுத்தவன் அவன். சும்மா, வேடிக்கைக்கு.

ஓடினான். பெண்சாதி விரிஞ்சிபுரத்துக்குப் போயிருந்ததால் மேஸ்திரி தனியாள். காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவருக்கு நாள் கிழமை தெரியவில்லை. கதவை எண்ணிப் பார்த்து, வாரம் ஓடிவிட்டதென்று வேலைக்குக் கிளம்பித் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, மூணு நாள்தான் ஆச்சு. மீதி நான் போட்டது."

"உன் வாயில வர்ற நெசத்த எவன்டா நம்புவான்? வழிய விடு."

அதுவும் நியாயம்தான். போன வாரம் முதலாளி செத்துப்போனதாக இவரையே அழ வைத்தவன் அவன். மேஸ்திரி செருப்பைத் தேட உள்ளே திரும்பியதும் காசி கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியை மாட்டினான்.

அன்று முழுக்க உள்ளிருந்து வசவு வந்தது. மறுநாள் வசவு இருமலானது. மத்தியானம் அதுவும் நின்றபோது காசி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அந்த மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான். ஏறியது. கஞ்சியைக் கம்பி வழியே நீட்டினான். கலயம் அவன் தலைக்கே திரும்பி வந்தபோதுதான் அவனுக்கு உயிர் வந்தது.

அன்னம்மாள் தினம் வந்தாள். காசி தன் நாலு கோட்டை அழித்திருந்த தடத்தின் மேலேயே தன் கோட்டை இழுத்தாள். நாதாங்கியையும் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏழாவது கோட்டுக்கு மறுநாள் காசி நாதாங்கியைக் கழற்றியதும் மேஸ்திரி வெளியே வந்து அவனை அடிக்கத் துரத்தினார். பத்தடி ஓடுகிற அளவுக்குத் தேறியிருந்தார். காசி தன் வீட்டு வாசலில் மூச்சு வாங்கி நின்றான். அங்கே அன்னம்மாள் நின்றிருந்தாள்.

"கைய நீட்டு."

சுண்ணாம்பு அரித்த விரல்நுனியைப் பார்த்தாள். "நாலு கோடு போட்ட வெரலு இதுதானே?"

"இல்லக்கா, அது மண்டி வேலையில..."

அவள் கையை விடவில்லை.

"எத்தினி நாளா சுடுது?"

காசி எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்தான். "நேத்துலேர்ந்து."

அவன் கதவில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, அன்னம்மாள் சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்த நாந்தான் போடுவேன். உள்ள போய்ப் படு."

அவன் உள்ளே போனதும் வெளியே நாதாங்கி விழுந்தது.