அதே மருந்து

அந்த மருந்து நோட்டின் ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கண்ணாடித் தாள் போல ஆகியிருந்தது. குற்றாலத்தில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி, மாதம் ஒருமுறை அதை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருவார். வெளியே வரிசை நீண்டிருக்கும். நான் பக்கத்தைப் புரட்டி, 'அதே மருந்து' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, அவ்வளவுதான்.

ஒரு சாரல் காலத்தில் அவர் நோட்டை நீட்டாமல் கைகளை நீட்டினார்.

"விரலெல்லாம் மரத்துப் போவுது டாக்டரம்மா. தேய்க்கையில ஆளு முதுகுல முடிச்சு எங்கன இருக்குன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது."

பரிசோதனையில் பி12 சத்து மிகவும் குறைந்திருந்தது. குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, மீனும் முட்டையும் சாப்பிடுபவர். வேறு காரணம் அகப்படாமல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன் தோள்வலிக்கு மாத்திரை கொடுத்தபோது, வயிறு புண்ணாகாமலிருக்க இரண்டு வாரத்துக்கு எழுதியது இந்தக் கேஸ் மாத்திரை. வலி மாத்திரை நின்றுவிட்டது. இது நிற்கவில்லை. கடைசி ஆறு வருடங்களும் என் கையெழுத்து. வயிற்று அமிலத்தை இப்படி மாத்திரையால் நெடுநாள் அடக்கிவைத்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பது நான் படிக்காததல்ல.

உடனே நிறுத்தச் சொன்னேன். நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தீயா எரியுதும்மா. மாத்திரை இல்லாம என்னால முடியாது." பழகிய மாத்திரையைச் சட்டென்று விட்டால் அமிலம் பொங்கும். அதையும் நான் முன்னால் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் எரிந்தால் மட்டும் என்று மெல்லக் குறைத்தோம். இரண்டு மாதத்தில் மாத்திரை நின்றது. பி12 ஊசிகள் போட்டதில் அவருக்கிருந்த உடம்புச் சோர்வு போயிற்று. விரல்களில் உணர்வு திரும்பவில்லை.

"எதுக்குப் போடுதோம்னு நானும் கேக்கல, நீங்களும் கேக்கல" என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நியாயம்தான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு நோட்டிலும் அந்த மாத்திரை எதற்காகத் தொடங்கியது என்று தேடுகிறேன். சிலருக்கு அது வேண்டியிருக்கிறது. பலருக்குக் குறைக்க முடிகிறது. வரிசை நகர மறுக்கிறது என்று வெளியே நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

போன சீசனில் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒரு லாட்ஜ் வாசலில் கார்களுக்குக் கைகாட்டி இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கீயளா டாக்டரம்மா?" என்று சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.