வீமனைக் கட்டிய முடிச்சு

அன்று புகையிலைத் தோட்டத்தில் நான் நின்றேன். என் மனைவி நின்றாள். அவளின் தம்பி நின்றான். எங்கள் நாய் வீமனும் நின்றது. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து தோட்டம் இரண்டு மைல். ஒன்பது வருடமாக வீமன் எனக்கு முன்னால் நடந்த வழி அது.

புதிதாக நட்ட கன்றுகளை மிதித்ததால் அதைப் பனையில் கட்டினேன். மாட்டுக்குப் போடுகிற இறுக்கு முடிச்சு.

"பாவம், அவிட்டு விடுங்கோவன்," என்றாள் மனைவி.

"உவர் கன்றெல்லாம் உழக்கிப்போட்டார். கொஞ்சம் நிக்கட்டும்," என்றேன்.

வீமன் வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. பிறகுதான் ராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மூவரும் தோட்டத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் பாய்ந்தோம். மேலிருந்து சுட்டார்கள். வீமன் கயிற்றை இழுத்துக் குழறியது. நான் எழும்ப, மைத்துனன் என் சாரத்தைப் பிடித்தான்.

"அத்தான், நீங்கள் செத்தால் அக்காவை ஆர் பாக்கிறது?"

நான் போகவில்லை. குழறல் நின்றது.

வெளியே வந்தபோது வீமனின் வயிறு கிழிந்து கிடந்தது. தலை பங்கர்ப் பக்கம். முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். அங்கேயே புதைத்தோம்.

இப்போது மாட்டையும் ஆட்டையும் ஒரே இழுவையில் கழலும் முடிச்சில்தான் கட்டுகிறேன். நீங்களும் அப்படிக் கட்டுங்கள். பனையிலிருந்து பங்கர் வாசலுக்கு அளந்து பார்த்தேன்.

பதினோரு அடி.