பறிக்காமல் விட்ட கொத்து

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, ஒருவன் என் தங்கை விட்டுப்போனவன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல மூத்த மகளின் மகள் எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை, என் பேச்சைத் திருத்தி எழுதுகிறாள்.

வருகிற மாதம், டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் இருக்கிற இந்த வீட்டை விட்டு, லிஃப்ட் உள்ள அடுக்குமாடி ஒன்றுக்குப் போகிறேன். முழங்கால் இனிப் படியேறாது. கட்டில், அலுமாரியை யார் கொண்டுபோனாலும் போகட்டும், எனக்குக் களைத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால், வளவில் நிற்கிற நீலப்பூச்செடி ஒன்றுதான் மனதை விட்டுப் போகவில்லை.

அது பயறு, அவரையின் இனம். அமெரிக்காவின் புல்வெளிகளில் தானாக முளைப்பதென்று செடிக்கடையில் சொன்னார்கள். முதல் மூன்று வருடமும் இலை மட்டும்தான்.

"உம்மடை செடியும் என்னைப் போலத்தான். சாப்பிட்டிட்டுச் சும்மா நிக்குது" என்பார், பென்சன் எடுத்திருந்த என் கணவர்.

செடி பூத்த வருடம் அவர் இருக்கவில்லை. பூ, சங்குப்பூவின் நீலம்.

அன்றிலிருந்து அது பூக்கிற நாட்களில் சாமிக்குக் கடைப்பூ வைத்ததில்லை. குளித்துவிட்டு இறங்கி, விரிந்ததெல்லாம் பறித்துவிடுவேன். செடியிலே வாட விடக்கூடாது என்றுதான் என்னைப் பழக்கியிருந்தார்கள். இந்த ஊரில் எத்தனை வீட்டில் வளவுப்பூ வைத்துக் கும்பிடுகிறார்கள்? எனக்கு அதில் பெருமை இருந்தது.

இந்த வருடம் பங்குனியில் சின்ன மகன் மண்வெட்டியோடு வந்தான். செடியைக் கிண்டிச் சாடியில் வைத்துக் கொண்டுபோவோம் என்றான். முழங்கால் ஆழம் கிண்டியும் வேர் முடியவில்லை. கறுப்பாக, என் மணிக்கட்டின் தடிமனில், நேரே கீழே போனது.

"அம்மா, இது திரும்பி அமெரிக்காவுக்குத்தான் போகுது போல."

பக்கத்து வீட்டு டேனிஷ்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தச் சொல்லு. வேர் அறுந்தால் செத்துப்போகும். விதை எடுத்துக்கொண்டு போ" என்றாள்.

"இது காய்க்கிறதில்லை" என்றேன்.

"எப்படிக் காய்க்கும்? ஒவ்வொரு காலையும் நீதானே மொட்டையடிக்கிறாய்."

"இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே."

துப்புரவு வேலையில் பழகிய என் டேனிஷில், விதையை எப்படி எடுப்பதென்று அப்போதே கேட்டேன்.

மகன் குழியை மூடினான். பூத்தபோது நடுக்கொத்து ஒன்றைப் பறிக்காமல் விட்டேன். விளக்கேற்றும்போது, சாமிக்குரியதை ஒளித்து வைத்தவள் போல இருந்தது. ஒரு காலை பழக்கத்தில் கை போய், அதிலும் நாலு பூ பறித்துவிட்டேன். மிச்சம் காய்த்து, புரட்டாதியில் கரியாகக் கறுத்தது. ஆட்டினால் கிலுகிலுத்தது. பூச்சி தின்றது போக ஏழு விதை.

வீட்டை வாங்கினவர்கள் இளம் ஆட்கள். செடி நிற்கிற இடத்தில் பிள்ளைகள் ஏறித் துள்ளி விளையாடுகிற வலை போடப்போகிறார்களாம். செடியை விடச் சொல்கிற தெம்பு எனக்கு இல்லை.

குளிர் பட்டால்தான் முளைக்குமாம். விதையைப் போத்தலில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

"அம்மம்மா, வெந்தயம் எண்டு நினைச்சு அம்மா குழம்புக்குப் போட்டிடுவா" என்று பேத்தி போத்தலில் பெயர் எழுதி ஒட்டினாள். பிறகு விரல் மடித்தாள். "பூக்க நாலு வருசமெண்டால் உங்களுக்கு எண்பத்து மூண்டு."

"எனக்குக் கணக்குத் தெரியும். நீ எழுது."

பங்குனியில் அந்த விதையை ஆழமான வாளி மண்ணில் போட வேண்டும், சாடியின் ஆழம் காணாது. பூத்தால் சாமிக்குப் பறிக்கலாம். ஒரு கொத்தை மட்டும் விட வேண்டும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எழுதிவிட்டாயா? அந்தக் கொத்தை விடச் சொன்னதும் வந்துவிட்டதா? சரி பிள்ளை, முதலில் இருந்து வாசி, கேட்பம்.