அம்மா எடுத்த மழைக்கோட்டு

ஆர்.எஸ்.புரத்துக் கடையொன்றில் மகளுக்கு மழைக்கோட்டு எடுக்கப் போனபோது, உறையைப் பிரித்ததும் எழுந்த புது ரப்பர் வாசனை என்னை வால்பாறைக் கடைவீதிக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே அப்போது ஒரு பாய் கடை இருந்தது, இப்போது இல்லை; தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தமும், கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகளின் வாசனையுமாக, பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் முழுக்க நிறைந்தே கிடக்கும்.

தேயிலை பறிக்கும் அம்மா, வருஷா வருஷம் தனக்கும் எனக்கும் மலிவான பிளாஸ்டிக் கோட்டுதான் எடுப்பாள். அந்த வருஷம் கனமான ரப்பர் கோட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்குங்களா அம்மணி?" என்றார் பாய்.

"இல்லீங்க, எனக்குத்தானுங்க. அவளுக்குப் பிளாஸ்டிக்கே குடுங்க."

என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "நீ பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்குந்தான் நனைவ கண்ணு. நான் நாள் முச்சூடும் மழையிலயே நிக்கோணுமல்ல?"

கோபத்தில் வழியெல்லாம் அம்மாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். மறுநாள் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். எப்போதும் நடுங்கிக்கொண்டே அடுப்பை ஒட்டி உட்காருகிறவள், அன்று கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "இங்க பாரு கண்ணு, துளி ஈரமில்ல" என்று சிரித்தபடி என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் சேலை வெதுவெதுப்பாக இருந்தது.